கள்ளி வேலியை வெட்டும் முன் கணக்குப் பாருங்கள்

நீர் ஊற்றாமல், உரம் போடாமல் நூறாண்டு காவலுக்கு நின்ற கொம்புக்கள்ளியை இன்று பொக்லைன் வைத்துத் தோண்டி எறிகிறோம். அதன் இடத்தில் கம்பி வேலி போடக் கடன் வாங்குகிறோம். கள்ளியை வைத்திருப்பதா, எடுப்பதா, புதிதாக நடுவதா என்று முடிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில், திருவரங்குளத்தைச் சுற்றி விரிந்து கிடப்பது செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த மேட்டு நிலம். கடலை, உளுந்து, முந்திரி, பலா, தென்னை, மல்லிகை என்று பயிருக்குக் குறைவில்லை. காவிரிப் பாசனம் எட்டாத பகுதி என்பதால் கண்மாயும் ஆழ்குழாய்க் கிணறும் வானமும்தான் நம்பிக்கை. மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மி.மீ.-ஐ ஒட்டிப் பெய்யும் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். மற்ற மாதங்களில் மேடு காய்ந்து கிடக்கும். அப்போது பச்சை தேடி அலையும் ஆடு, மாடுகளிடமிருந்து தோட்டத்தைக் காப்பதே பெரிய பாடு.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுபடியும் கன்று வைத்தவர்களுக்குத் தெரியும், கன்று வாங்குவது சிறிய செலவு. அதை ஆடு கடிக்காமல் மூன்று வருடம் வளர்த்தெடுப்பதே பெரிய செலவு. ஆகவே வேலியைப் பற்றிப் பேசாமல் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

எந்தக் கள்ளி?

'கள்ளி' என்ற ஒரே பெயரில் பல செடிகளை அழைக்கிறோம். முதலில் அவற்றைப் பிரித்து அறிவது நல்லது.

கொம்புக்கள்ளி: பென்சில் தடிமனில் உருண்டையான பச்சைக் குச்சிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். முள் கிடையாது. இளங்குச்சியின் நுனியில் சிறு இலைகள் தோன்றிச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். ஆள் உயரத்தில் வெட்டி வைத்தால் புதராகவும், வெட்டாமல் விட்டால் சிறு மரமாகவும் வளரும். திருக்கள்ளி, குச்சிக்கள்ளி என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

சதுரக்கள்ளி: தண்டு மூன்று, நான்கு பட்டைகளாக இருக்கும். பட்டையின் விளிம்பில் இரட்டை முட்கள் வரிசையாக இருக்கும். நம் நாட்டுக்கே உரிய செடி இது.

இலைக்கள்ளி: தண்டின் முனையில் தடித்த இலைகள் இருக்கும். இதற்கும் முள் உண்டு.

சப்பாத்திக்கள்ளி: தட்டையான மடல்களும் கொத்து முட்களும் கொண்டது. பெயரில் கள்ளி இருந்தாலும் இது வேறு குடும்பம். அமெரிக்காவிலிருந்து வந்தது. கிள்ளினால் பால் வராது. நூறாண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவில் நிலம் நிலமாகப் பரவிய இந்தச் செடியை ஒடுக்க, 1926-ல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சி தின்றே அது அடங்கியது. கள்ளி என்றாலே பரவி நிலத்தைக் கெடுக்கும் என்ற பயம் நம் ஊரில் வேரூன்ற இந்தச் சப்பாத்திக்கள்ளியும் ஒரு காரணம். கொம்புக்கள்ளி அப்படி ஓடிப் பரவுவதில்லை. நட்ட வரப்பிலேயே நிற்கும்.

முதலில் சொன்ன மூன்றும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், காட்டாமணக்கு, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி எல்லாமே இவற்றுக்கு உறவுதான். இந்தக் குடும்பத்தில் பல செடிகளுக்குப் பால் உண்டு. அந்தப் பாலே கள்ளிக்குக் காவல்.

பெயரிலேயே நம் ஊர்

கொம்புக்கள்ளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால், அதன் அறிவியல் பெயர் 'யூஃபோர்பியா திருக்கள்ளி'. ஆப்பிரிக்கச் செடிக்கு நம் பக்கத்துப் பெயர் எப்படி வந்தது?

கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, மலபார் மூலிகைகளைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்த நூலில், உள்ளூர் மக்கள் சொன்ன பெயர்களையே செடிகளுக்குக் குறித்தார்கள். அதில் இந்தக் கள்ளியும் 'திருக்கள்ளி' என்று படத்துடன் இடம்பெற்றது. 1753-ல் செடிகளுக்கு இருசொல் பெயர் சூட்டிய லின்னேயஸ், அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆக, 300 ஆண்டுகளுக்கு முன்பே இது மேற்குக் கடற்கரையில் பெயர் பெற்று வளர்ந்த செடி.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மாட்டுப் பட்டியைச் சுற்றி இதை நெருக்கமாக நட்டு வேலியாக்குகிறார்கள். குஜராத்திலும் தக்காணத்திலும் வயல் ஓரங்களில் கள்ளி வேலி பழைய வழக்கம். நம் மாவட்டத்து மேட்டு நிலங்களுக்கும் அது புதிதல்ல. வறண்ட நாட்டு விவசாயிகள் எல்லோரும் ஒரே செடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

தண்ணீர் இல்லாமல் எப்படி வாழ்கிறது?

மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரிக்காற்றை உள்ளே இழுக்கும். திறந்த துளை வழியே ஈரமும் வெளியேறிவிடும். கொம்புக்கள்ளியின் தண்டு பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் காற்று குளிர்ந்த பிறகு திறந்து, கரிக்காற்றை வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் துளையை மூடியபடியே அந்தச் சேமிப்பை எடுத்து வெயிலில் உணவு தயாரிக்கிறது. அன்னாசி, கற்றாழை, பிரண்டை ஆகியவையும் இதே முறையில் பிழைப்பவையே.

இலை பெரிதாக இல்லாததும் இதனால்தான். சமையல் நடப்பது பச்சைத் தண்டில். ஈரம் இருக்கும்போது மட்டும் சிறு இலைகளை விட்டுக்கொள்ளும். வறட்சி வந்தால் உதிர்த்துவிடும். சதைப்பற்றுள்ள தண்டு தண்ணீர்த் தொட்டியாக நிற்கும். சித்திரை வெயிலில் வரப்பில் எல்லாம் கருகிய பிறகும் கள்ளி மட்டும் பச்சையாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தண்ணீர் தேங்கினால் கள்ளி தாங்காது. கண்மாய் உள்வாய், நஞ்சை வரப்பு, களிமண் பள்ளம் இதற்கு ஏற்ற இடமல்ல. வடிகால் உள்ள செம்மண் மேடு, சரளை நிலம், கல்லாங்குத்து ஆகியவையே ஏற்றவை. திருவரங்குளம் பக்கத்து மேட்டு நிலம் பெரும்பாலும் இந்த வகையில் அடங்கும்.

ஒரு ஏக்கர் கணக்கு

சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடி. சுற்றளவு 835 அடி. இதற்குக் கம்பி வேலி போட, 10 அடிக்கு ஒரு கல்தூண் என்றால் 84 தூண். ஐந்து வரிசை முள்கம்பி என்றால் 4,175 அடி. குழி தோண்ட, தூண் நட, கம்பி இழுக்க ஆள் கூலி தனி. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் மறுபடியும் செலவு.

அதே 835 அடிக்கு ஓர் அடிக்கு ஒன்று வீதம் கள்ளிப் போத்து நட்டால் 835 போத்துகள். இரண்டு வரிசை என்றால் 1,670. பக்கத்து வேலியில் கேட்டு வெட்டிக்கொண்டால் போத்துக்கு விலை இல்லை. வெட்டுகூலி, வண்டி வாடகை, நடவு கூலி மட்டும்தான். ஆனால், கம்பி வேலி நாளைக்கே காவல் தரும். கள்ளி வேலி அடைத்துக்கொண்டு நிற்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை முள் அடைத்தோ, ஆள் வைத்தோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடுத்தடுத்து ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஐந்து பேர் தனித்தனியாக வேலி போட்டால் மொத்தம் 4,175 அடி. ஐவர் நிலமும் சேர்ந்து சதுரமாக அமைந்து, ஒரே சுற்று வேலி போட்டால் சுமார் 1,870 அடி போதும். பாதிக்கும் குறைவு. நிலம் சதுரமாக அமையாவிட்டாலும் சேர்ந்து போட்டால் மிச்சம்தான். கம்பியானாலும் கள்ளியானாலும் இந்தக் கணக்குப் பொருந்தும். பங்காளித் தகராறால் இழப்பது எவ்வளவு என்று யோசிக்க இது ஒரு வாய்ப்பு.

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

கள்ளிக்கு இல்லாத பெருமையைச் சொல்லி உங்களை நட வைக்க விருப்பமில்லை. எனவே, இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம்.

ஆடு, மாடு: நன்றாகத் தடுக்கும். பாலின் காரத்தால் ஆடு, மாடுகள் பொதுவாகக் கள்ளியில் வாய் வைப்பதில்லை. தழையைத் தின்று தின்றே மற்ற உயிர்வேலியை அழிக்கும் ஆட்டுக்கு, இந்த வேலியில் தின்ன ஒன்றுமில்லை.

காட்டுப்பன்றி: முழுதாகத் தடுக்காது. கொம்புக்கள்ளிக்கு முள் இல்லை, குச்சி முறியக்கூடியது. அடியில் இடைவெளி கண்டால் பன்றி மூக்கை நுழைத்துத் தள்ளிவிடும். பன்றித் தொல்லை உள்ள கடலைக் காட்டுக்கு, வெளி வரிசையில் சதுரக்கள்ளியோ முள்கிளுவையோ, உள் வரிசையில் கொம்புக்கள்ளியோ வைத்து, அடிப்பகுதி அடர்த்தியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஓரளவு உதவும்.

மயில், குரங்கு: தடுக்கவே தடுக்காது.

பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது குற்றம். அதைவிட, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரரோ, சொந்த வீட்டுப் பிள்ளையோ அந்தக் கம்பியை மிதிக்கக்கூடும். இப்படிப் போன உயிர்களைப் பற்றிய செய்தி வராத பருவம் இல்லை. மின்வேலி வேண்டும் என்றால், விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் தகுந்த கருவியுடன் கூடிய சூரிய மின்வேலிதான் வழி. மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்துள்ளது. மானியம் பற்றியும் பதிவு பற்றியும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலியில் வாழும் மற்றவை

கம்பி வேலியில் கணக்கில் வராத ஒரு வரவு கள்ளி வேலியில் உண்டு. கோவை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் ஏறிப் படர ஒரு தாங்கல் தேடுபவை. வேலிப்பருத்திக்குப் பெயரே அப்படித்தான் வந்தது. கள்ளியின் அடியில், ஆடு கடிக்க முடியாத நிழலில், கள்ளிமுளையான் தண்டு விட்டு வளரும். ஆடு மேய்ப்பவர்கள் அதைப் பறித்து உப்பு, புளியோடு தின்பது பல ஊர்களில் பழக்கம். சமையலுக்கும் மருந்துக்கும் கைக்கெட்டிய இந்தச் செடிகள், வேலியை எடுத்தால் கூடவே போய்விடும்.

தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, ஓணான், அரணை ஆகியவற்றுக்கு வேலி வீடு. இவை தின்பதில் பாதிக்கு மேல் பூச்சிதான் என்று வைத்துக்கொள்ளலாம். பயறு, கடலை வயலில் வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்கும் ஆட்கள் இவை. வேலி இல்லாத வெட்ட வெளியில் அவை வந்து தங்கா. வேலியில் பாம்பும் இருக்கும் என்பதால், போத்து வெட்டும்போதும் கோவைக்காய் பறிக்கும்போதும் முதலில் கம்பால் தட்டிப் பாருங்கள்.

நடும் முறை

பருவம்: வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், ஆவணி, புரட்டாசியில் நடலாம். கோடை மழை கிடைத்த நிலத்தில் ஆடியிலும் நடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் வெட்டுவாய் அழுகும்.

போத்து: முற்றிய, நோயில்லாத கிளையில் ஒன்று முதல் ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். நுனி இளங்குச்சி மட்டும் உள்ள துண்டைவிட, அடியில் கொஞ்சம் பழுப்பேறிய தண்டு உள்ள துண்டு நன்றாகப் பிடிக்கும்.

உலர்த்தல்: பலரும் தவறவிடுவது இதைத்தான். வெட்டிய உடனே நடக்கூடாது. வெட்டுவாயை நீரில் கழுவிப் பாலை நிறுத்தி, நிழலில் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நட்டால் அழுகல் குறையும்.

இடைவெளி: போத்துக்குப் போத்து ஓர் அடி. இரண்டு வரிசை என்றால் வரிசைக்கு இடையே ஒன்றரை அடி விட்டு, முன்வரிசைப் போத்துகளின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைப் போத்து வரும்படி நட வேண்டும். நான்கில் ஒரு பங்கு நீளம் மண்ணில் புதைந்தால் போதும். சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும்.

நீர்: நட்ட வாரத்தில் மழை இல்லாவிட்டால் ஒருமுறை கைத்தண்ணீர். அதன் பிறகு வேர் பிடிக்கும் வரை மண் முழுவதும் காய்ந்தால் மட்டும் ஊற்றலாம். அடிக்கடி ஊற்றுவதுதான் கெடுதல்.

கவாத்து: முதல் வருடம் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து அடி அடர்த்தியாகும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நான்கைந்து அடி உயரத்தில் வெட்டி விடுங்கள். வெட்டாமல் விட்ட வேலி மேலே குடை விரித்து, அடியில் ஆடு நுழையும் அளவு வெறுமையாகிவிடும். பழைய வேலி பயன்படவில்லை என்று வெட்டி எறிபவர்கள் பலருக்கும் உண்மையில் கவாத்துதான் விட்டுப்போயிருக்கும். அப்படிப்பட்ட வேலியைத் தோண்ட வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, இடைவெளியில் வெட்டிய போத்தையே நட்டால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

இடம்: நடுவதற்கு முன் சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டின் மேல் நடாமல், உங்கள் பக்கம் இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். கள்ளி தடித்துப் பக்கத்து நிலத்தில் சாய்ந்தால், காவலுக்கு வைத்த வேலியே காவல் நிலையத்துக்கு இழுக்கும். பயிர் வரிசைக்கும் வேலிக்கும் இடையே மூன்றடி நடைபாதை விட்டால் கவாத்துக்கும் வசதி, பயிருக்கும் நல்லது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குழந்தைகள் விளையாடும் இடம், பொதுப்பாதை ஆகியவற்றின் ஓரத்தில் கொம்புக்கள்ளி வேண்டவே வேண்டாம்.

பால் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

கள்ளி வேலியில் உண்மையான ஆபத்து அதன் பால்தான். குச்சியை ஒடித்த மாத்திரத்தில் வெள்ளைப் பால் பீறிடும். தோலில் பட்டால் எரிச்சல், சிவப்பு, கொப்புளம் வரலாம். கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்து, உட்புறமும் வீங்கிப் பார்வை மங்கும். முதலில் லேசான எரிச்சலாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலி கூடுவது இதன் இயல்பு. 'காலையில் சரியாகிவிடும்' என்று படுத்துவிடுபவர்கள் இங்குதான் ஏமாறுகிறார்கள். உடனே சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பார்வை திரும்பிவிடும். விட்டுவிட்டால் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

வெட்டும்போது:

* கண்ணாடி கட்டாயம். தெருவில் விற்கும் சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடியானாலும் பக்கவாட்டு மறைப்பு உள்ளதாக இருக்கட்டும்.
* ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு வேண்டும்.
* காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று வெட்டுங்கள். தலைக்கு மேல் உள்ள கிளையை அண்ணாந்து பார்த்து வெட்டாதீர்கள்.
* வியர்வையைப் புறங்கையால் துடைக்காதீர்கள். கண்ணில் பால் படுவது பல நேரம் இப்படித்தான்.
* ஒரு குடம் சுத்தமான நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.
* அரிவாள், துணி, கையுறையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே வீட்டுக்குள் எடுத்துப் போங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால்:

* தேய்க்காதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரை 15 முதல் 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவுங்கள்.
* தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கியும் விடாதீர்கள்.
* வலி குறைந்ததுபோல் தோன்றினாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இன்ன செடியின் பால் பட்டது என்று சொல்லுங்கள். ஒரு குச்சியைப் பையில் கட்டி எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

பாலை யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சு பதறுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். பெண் குழந்தைகளைக் கொல்ல அது பயன்பட்ட காலத்தில்தான், 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அந்த அளவுக்குக் கொடிய பொருள் இது.

ஆகவே புற்றுநோய்க்கு, மலச்சிக்கலுக்கு, பல்வலிக்கு என்று யார் சொன்னாலும் கள்ளிப்பாலை வாயில் வைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் குழந்தைகளைத் தாக்கும் பர்கிட் நிணநீர்ப் புற்றுநோய்க்கு எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் முக்கியக் காரணம். உடலில் உறங்கும் அந்த வைரஸைத் தூண்டிவிடும் தன்மை இந்தக் கள்ளிப்பாலில் உள்ள வேதிப்பொருளுக்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஒருபக்கம் விற்பதும், புற்றுநோய்க்குத் துணைபோகும் என்று மறுபக்கம் ஆய்வாளர்கள் எச்சரிப்பதும் ஒரே பாலைத்தான்.

குளத்தில் போடாதீர்கள்

கள்ளிப்பாலை நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்தது. கவாத்து செய்த கள்ளியைக் கண்மாயிலோ, ஊருணியிலோ, பண்ணைக்குட்டையிலோ தள்ளினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். மீன் சாகும், குடிக்கும் கால்நடைக்கும் கேடு.

நெல் வயலின் மடைவாயில் கள்ளியை நறுக்கி மூட்டை கட்டிப் போட்டுப் பூச்சியை விரட்டுவது சில ஊர்களில் பெரியவர்கள் செய்யும் முறை. கொசுப் புழுவைக் கொல்லும் திறன் இந்தப் பாலுக்கு உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக வயலுக்குத் தெளிக்கும் மருந்தாகப் பயன்படுத்திவிட வேண்டாம். அளவு வரையறுக்கப்படவில்லை, வடியும் நீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். பூச்சிக்கு வேம்பு இருக்கிறது. அதை விட்டுக் கண்ணைக் கெடுக்கும் பாலைக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

'பெட்ரோல் செடி' என்று வந்தால்

ஒளிச்சேர்க்கையில் கரியின் பாதையைக் கண்டறிந்ததற்காக 1961-ல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க வேதியியலாளர் மெல்வின் கால்வின். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, கொம்புக்கள்ளியின் பாலில் உள்ள நீர்க்கரிமங்களிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்று அவர் சொன்னார். எதற்கும் உதவாத வறண்ட நிலத்தில் பெட்ரோல் விளையும் என்ற பேச்சு உலகம் முழுதும் பரவியது. எண்ணெய் விலை இறங்கியதும் பேச்சும் அடங்கியது. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மறுபடியும் இந்தக் கள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் சாண எரிவாயுபோல வாயு தயாரிக்கப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டார்கள். அறிவியலாக அது நல்ல யோசனை. ஆனால், உங்கள் ஊரில் வாங்க ஆள் இல்லாத வரை அது உங்கள் வருமானம் அல்ல.

இதே ஆமணக்குக் குடும்பத்துக் காட்டாமணக்கை நினைவில் வையுங்கள். 2003-ல் மத்தியத் திட்டக்குழு பயோடீசலுக்குப் பரிந்துரைத்த பிறகு, தமிழ்நாட்டில் எத்தனை பேர் அதை ஏக்கர் கணக்கில் நட்டார்கள். மானாவாரியில் சொன்ன மகசூல் வரவில்லை; கொள்முதலும் நிலைக்கவில்லை. பிடுங்கி எறிந்ததுதான் மிச்சம். நாளை யாராவது கள்ளிக் கன்றை விலைக்குக் கொடுத்து, 'ஒப்பந்தம் போடலாம், பெட்ரோல் எடுக்கலாம்' என்று வந்தால், கையெழுத்துப் போடும் முன் வேளாண் துறையில் விசாரியுங்கள். கள்ளியை வரப்பில் நடலாம். வயலில் நட வேண்டாம்.

முடிவு உங்களுடையது

சிறு குழந்தைகள் புழங்கும் வீட்டுத் தோட்டமா? கள்ளி வேண்டாம், கம்பியோ, கிளுவையோ போதும். தண்ணீர் தேங்கும் நிலமா? கள்ளி நிற்காது. நாளைக்கே காவல் வேண்டுமா? கம்பிதான் வழி. ஆனால், வறண்ட மேட்டில் ஆடு, மாட்டுக்குப் பயந்து முந்திரியோ பலாவோ வைக்கத் தயங்குபவராக இருந்தால், கையில் பணமும் குறைவாக இருந்தால், கொம்புக்கள்ளியை விடச் சிக்கனமான காவல் கிடைப்பது அரிது. ஏற்கெனவே தாத்தா வைத்த வேலி நிற்கிறது என்றால், அதைத் தோண்டும் செலவில் ஒரு பகுதியைக் கவாத்துக்குச் செலவிட்டாலே போதும்.

திருவரங்குளம் ஒன்றிய விவசாயிகளுக்கு வம்பன் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் உயிர்வேலி பற்றியும், வேலிக்குள் எந்தப் பயறு ரகம் ஏற்றது என்று தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்திலும் நேரில் சென்று கேட்கலாம். போகும்போது உங்கள் நிலத்தின் சுற்றளவை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஆவணிக்குள் முடிவு செய்தால், இந்த ஆண்டு மழைக்கே போத்து வேர் பிடித்துவிடும்.